இங்கிலாந்துக்காரர் பார்க்க முடியாத மேட்ச் இந்தியாவில் லைவ்! ஐரோப்பிய கால்பந்து நேரத்தை முடிவு செய்வது யார்?

சனிக்கிழமை இரவு 7.30 மணி. சென்னையில் ஒருவர் மொபைலில் பிரீமியர் லீக் மேட்ச்சை லைவாகப் பார்க்கிறார். அந்த மேட்ச் நடக்கும் மைதானத்துக்கு அடுத்த தெருவில் வசிப்பவரால் அதை டிவியில் பார்க்க முடியாது. ஸ்போர்ட்ஸ் சேனலுக்கு சந்தா கட்டியிருந்தாலும் முடியாது. டிக்கெட் வாங்கி நேரில் போகணும், இல்லைன்னா ரேடியோ கமென்ட்ரிதான்.

காரணம், இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை கால்பந்து நேரலைக்கு இருக்கும் தடை. ஐரோப்பிய கால்பந்தில் ஒரு மேட்ச் எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும் என்பதில் டிவி, போலீஸ், கிளப், ரசிகர் என எல்லோருக்கும் பங்கு உண்டு. ஆனால் எல்லோருடைய குரலுக்கும் ஒரே எடை இல்லை.

3 மணி எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்து கால்பந்தின் பாரம்பரிய நேரம் சனிக்கிழமை பிற்பகல் 3 மணி. இதன் தொடக்கம் 1850-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில் இருக்கிறது. துணி ஆலைகளில் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் சனிக்கிழமை 2 மணியோடு வேலை முடிய வேண்டும் என்றது அந்தச் சட்டம். மெல்ல மெல்ல சனிக்கிழமை அரைநாள் விடுமுறை மற்ற தொழிலாளர்களுக்கும் பரவியது. 2 மணிக்கு ஆலையை விட்டு வந்தால் 3 மணிக்கு மைதானத்துக்குப் போய்விடலாம். அப்போது மின்விளக்கு வெளிச்சத்தில் லீக் மேட்ச் கிடையாது, இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும். இங்கிலாந்து லீக்கில் விளக்கு வெளிச்சத்தில் நடந்த முதல் மேட்ச் 1956 பிப்ரவரியில்தான், போர்ட்ஸ்மத் - நியூகாசில் அணிகளுக்கு இடையே.

பிறகு டிவி வந்தது. பர்ன்லி கிளப்பின் தலைவராக இருந்த பாப் லார்டுக்கு ஒரு பயம். பெரிய அணியின் மேட்ச்சை வீட்டிலேயே பார்க்க முடிந்தால், பக்கத்து ஊர் சின்ன கிளப்பின் மேட்ச்சுக்கு யார் டிக்கெட் வாங்குவார்கள்? சனிக்கிழமை பிற்பகலில் நேரலை வேண்டாம் என்று 1960-களில் மற்ற கிளப் தலைவர்களையும் அவர் சம்மதிக்க வைத்தார். 1964-ல் பிபிசி ஹைலைட்ஸ் நிகழ்ச்சியைத் தொடங்கியபோது, தன் மைதானத்துக்குள் கேமராவையே பல ஆண்டுகள் விடவில்லை. அவ்வளவு பிடிவாதம்.

இன்றும் ஐரோப்பிய கால்பந்து அமைப்பான யூஃபாவின் சட்டப்பிரிவு 48 இதற்கு இடம் தருகிறது. ஒரு நாட்டின் கால்பந்து சங்கம் வார இறுதியில் இரண்டரை மணி நேரத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த நேரத்தில் தன் நாட்டில் கால்பந்து நேரலையைத் தடுக்கலாம். இங்கிலாந்து இதை விடாமல் பிடித்திருக்கிறது. கொரோனா காலத்தில் மைதானங்கள் காலியாக இருந்தபோதுதான் தடை தற்காலிகமாக நீங்கியது.

அட்டவணை வந்த பிறகு என்ன நடக்கிறது?

ஒவ்வொரு ஜூன் மாதமும் பிரீமியர் லீக் அட்டவணை வெளியாகும். 20 அணிகள், 380 மேட்ச்கள். வார இறுதி மேட்ச்கள் பெரும்பாலும் சனிக்கிழமை 3 மணி என்றே அதில் இருக்கும். அதை நம்பி யாரும் ரயில் டிக்கெட் எடுப்பதில்லை. உண்மையான நேரம் டிவி நிறுவனங்கள் தங்கள் மேட்ச்களைத் தேர்ந்தெடுத்த பிறகே தெரியும்.

உரிமம் நேரவாரியாகத்தான் விற்கப்படுகிறது. 2025-ல் தொடங்கிய நான்கு ஆண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 670 கோடி பவுண்டு. சனிக்கிழமை பகல் 12.30 மணி மேட்ச் டி.என்.டி. ஸ்போர்ட்ஸுக்கு. சனிக்கிழமை மாலை 5.30, ஞாயிறு 4.30, வெள்ளி, திங்கள் இரவு எல்லாம் ஸ்கைக்கு. ஒரு சீசனில் 270 மேட்ச்கள் வரை பிரிட்டனில் நேரலை. மிச்சம் 110-ஐ ஒட்டிய மேட்ச்கள்தான் பழைய 3 மணிக்கு, கேமராக்கள் இருந்தும் உள்ளூர் டிவியில் வராமல் நடக்கின்றன.

இதற்கு நடுவே வேறு கணக்குகளும் உண்டு. வியாழக்கிழமை ஐரோப்பிய போட்டியில் ஆடிய அணியை சனிக்கிழமை ஆட வைக்க முடியாது, ஞாயிற்றுக்குத் தள்ள வேண்டும். ஒரே நகரத்து எதிரிகள் மோதினால் போலீஸ் பகல் நேரத்தைக் கேட்கும். ரசிகர்கள் குடிப்பதற்கு முன்பே மேட்ச் முடிந்துவிடட்டும் என்பதுதான் காரணம். லிவர்பூல் - எவர்டன் மோதல் அடிக்கடி 12.30-க்கு வைக்கப்படுவது இதனால்தான்.

நம் நேரம் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது?

அக்டோபர் கடைசி ஞாயிறு ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். மார்ச் கடைசி ஞாயிறு முன்னால் வைப்பார்கள். இந்தியாவில் அந்தப் பழக்கம் இல்லை. அதனால் இங்கிலாந்தின் 12.30 மணி மேட்ச் கோடையில் நமக்கு மாலை 5 மணி, குளிர்காலத்தில் 6 மணி. 3 மணி மேட்ச் 7.30 அல்லது 8.30. மாலை 5.30 மேட்ச் இரவு 10 அல்லது 11. மேட்ச் தொடங்கியிருக்கும் என்று நவம்பரில் மொபைலைத் திறந்து, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே என்று குழம்புபவர்கள் நிறைய.

12.30 மணிக்கு இவ்வளவு மதிப்பு எப்படி? இங்கிலாந்தில் அது மதியச் சாப்பாட்டு நேரம். இந்தியாவில் மாலை, சீனாவில் இரவு 7.30 அல்லது 8.30. ஆசியாவில் குடும்பமே டிவி முன் உட்காரும் நேரம். 2022-25 காலகட்டத்தில் பிரீமியர் லீக்கின் வெளிநாட்டு உரிம வருமானம் உள்நாட்டு வருமானத்தையே தாண்டியது.

ஸ்பெயின் இதை வெளிப்படையாகவே செய்தது. ரியல் மாட்ரிட் - பார்சிலோனா மேட்ச் என்றால் அங்கே இரவு நேரம்தான் பழக்கம். 2017 டிசம்பர் 23-ம் தேதி மாட்ரிட்டில் அது பகல் 1 மணிக்குத் தொடங்கியது. இந்தியாவில் மாலை 5.30, சீனாவில் இரவு 8. பார்சிலோனா 3-0 என ஜெயித்தது. இந்திய ரசிகருக்கு தூக்கம் கெடாத அபூர்வமான எல் கிளாசிகோ அது.

வீரர்களுக்கு இது சுலபமில்லை. 2020 நவம்பரில் லிவர்பூல் புதன்கிழமை இரவு அட்லான்டாவுடன் சாம்பியன்ஸ் லீக் ஆடிவிட்டு, சனிக்கிழமை 12.30-க்கு பிரைட்டனில் இறங்க வேண்டியிருந்தது. மேட்ச் முடிந்ததும் அப்போதைய பயிற்சியாளர் யூர்கன் க்ளோப், அதை ஒளிபரப்பிய சேனலின் நிருபரிடமே நேரலையில் வாக்குவாதம் செய்தார்.

கஷ்டம் யாருக்கு?

வீட்டில் பார்ப்பவருக்கு நேரம் மாறினால் பெரிய நஷ்டம் இல்லை. வெளியூர் மேட்ச்சுக்குப் போகும் ரசிகரின் கதை வேறு. சனிக்கிழமை 3 மணி மேட்ச் என்றால் காலையில் கிளம்பி இரவு சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். அதையே திங்கள் இரவு 8 மணிக்கு மாற்றினால், மேட்ச் முடிய 10 மணி, கடைசி ரயில் போயிருக்கும், மறுநாள் வேலைக்கு லீவு. டிக்கெட் விலையை விட ஹோட்டல் வாடகை அதிகமாகிவிடும்.

2023-ல் வுல்வ்ஸ் - செல்சி மேட்ச் டிசம்பர் 24-ம் தேதிக்கு மாற்றப்பட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளில் பிரீமியர் லீக் மேட்ச் நடந்தது 1995-க்குப் பிறகு அதுதான் முதல்முறை. லண்டனிலிருந்து வர வேண்டிய செல்சி ரசிகர்கள் மட்டுமல்ல, வுல்வ்ஸ் ரசிகர்களும் எதிர்த்தார்கள். தேதி மாறவில்லை.

2025 டிசம்பர் 26 இன்னும் விசித்திரம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கால்பந்து பார்ப்பது இங்கிலாந்துக் குடும்பங்களின் நீண்ட காலப் பழக்கம். அந்த நாளில் பிரீமியர் லீக்கில் நடந்தது ஒரே ஒரு மேட்ச்: மான்செஸ்டர் யுனைடெட் - நியூகாசில், இரவு 8 மணிக்கு. பிரிட்டனில் அன்று பெரும்பாலான ரயில்கள் ஓடாது. நியூகாசிலிலிருந்து மான்செஸ்டர் 200 கிலோமீட்டருக்கு மேல். பஸ்ஸிலோ காரிலோ வந்து, நள்ளிரவுக்குப் பிறகுதான் ஊர் திரும்ப முடியும். ஐரோப்பிய போட்டிகள் விரிவடைந்ததால் காலண்டரில் இடமில்லை, ஒப்பந்தப்படி குறிப்பிட்ட எண்ணிக்கையில் வார இறுதிச் சுற்றுகளைத் தர வேண்டும், டிசம்பர் 26 வெள்ளிக்கிழமையாகப் போய்விட்டது என்று லீக் விளக்கம் சொன்னது. விளக்கம் சரியாக இருக்கலாம், ரயில் மட்டும் இல்லை.

ஜெர்மனியில் ரசிகர்கள் ஜெயித்தது எப்படி?

ஜெர்மனியின் புண்டஸ்லிகா 2017-18 சீசனில் ஐந்து மேட்ச்களை திங்கள் இரவுக்கு மாற்றியது. வியாழக்கிழமை யூரோப்பா லீக் ஆடும் அணிகளுக்கு ஓய்வு கிடைக்கும் என்பது சொல்லப்பட்ட காரணம். வெறும் ஐந்துதானே என்று அங்கே யாரும் விடவில்லை. 2018 பிப்ரவரி 19-ம் தேதி ஃபிராங்க்ஃபர்ட் - லைப்சிக் மேட்ச்சில் ரசிகர்கள் கேலரியிலிருந்து இறங்கி ஆடுகளத்தின் ஓரத்துக்கே வந்துவிட்டார்கள். மேட்ச் தாமதமாகத் தொடங்கியது. இரண்டாம் பாதிக்கு முன் டென்னிஸ் பந்துகள் மழையாக விழுந்தன.

அடுத்த திங்கள் டார்ட்மண்ட் - ஆக்ஸ்பர்க். டார்ட்மண்ட் மைதானத்தில் 81,000-க்கு மேல் இடம் உண்டு, வழக்கமாக நிரம்பி வழியும். அன்று வந்தவர்கள் 54,300 பேர். அந்தக் காலி இடங்கள் டிவியில் நன்றாகவே தெரிந்தன. அதே ஆண்டு நவம்பரில் லீக் இறங்கி வந்தது. 2021-22 முதல் புண்டஸ்லிகாவில் திங்கள்கிழமை மேட்ச் கிடையாது.

இத்தனைக்கும் ஜெர்மனியில் சனிக்கிழமை 3.30 மணி மேட்ச்கள் கட்டண டிவியில் நேரலையாக வருகின்றன. ஒரே நேரத்தில் நடக்கும் எல்லா மேட்ச்களையும் மாற்றி மாற்றிக் காட்டும் ஒளிபரப்பு அங்கே ரொம்ப பிரபலம். ஆனாலும் மைதானங்கள் நிறைகின்றன. நேரலை இருந்தால் கூட்டம் குறையும் என்ற பாப் லார்டின் வாதம் அந்த அளவுக்கு பலவீனமானது. ஆனால் இங்கிலாந்தில் பிரீமியர் லீக்குக்குக் கீழே மட்டும் மூன்று பிரிவுகளில் 72 தொழில்முறை கிளப்கள் இருக்கின்றன. டிக்கெட் பணத்தை நம்பியே பலவற்றின் பிழைப்பு. 2023-ல் அந்தப் பிரிவுகளின் லீக் ஸ்கையுடன் ஒரு சீசனுக்கு 1,000-க்கு மேற்பட்ட மேட்ச்களைக் காட்ட ஒப்பந்தம் போட்டபோதும் 3 மணி தடையைத் தொடவில்லை. அதற்குப் பதிலாக நிறைய மேட்ச்களை 12.30-க்கு நகர்த்தினார்கள். தடை பிழைத்தது, 3 மணி மேட்ச் குறைந்துபோனது.

சாம்பியன்ஸ் லீக் மட்டும் ஏன் நள்ளிரவில்?

சாம்பியன்ஸ் லீக் வார நாட்களில் நடப்பதால், ஐரோப்பியர்கள் வேலை முடிந்து வந்து பார்க்கும்படி மாலையில்தான் வைத்தாக வேண்டும். 2018-க்கு முன் பெரும்பாலான மேட்ச்கள் மத்திய ஐரோப்பிய நேரப்படி இரவு 8.45-க்கு ஒன்றாகத் தொடங்கின. பிறகு இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்றுக்குப் பதில் இரண்டு மேட்ச் காட்டலாம், விளம்பரமும் இரண்டு மடங்கு. இப்போது முதல் கட்டம் மாலை 6.45, அதாவது குளிர்காலத்தில் இந்தியாவில் இரவு 11.15. இரண்டாவது 9 மணி, நமக்கு அதிகாலை 1.30. பெரிய மேட்ச்கள் பெரும்பாலும் இந்த 1.30-ல்தான் இருக்கும்.

ஒரே ஒரு இடத்தில் டிவி விட்டுக்கொடுக்கிறது. லீக் சுற்றின் கடைசி நாளில் எல்லா மேட்ச்களும் ஒரே நேரத்தில் தொடங்கும். 2025 ஜனவரி 29-ம் தேதி 18 மேட்ச்கள் ஒன்றாக நடந்தன. மற்ற மைதானத்தின் முடிவு தெரிந்த பிறகு ஆடும் அணிக்கு லாபம் கிடைக்கக் கூடாது என்பதற்காக. பிரீமியர் லீக்கின் கடைசி நாளும் இப்படித்தான், 10 மேட்ச்களும் ஒரே விசிலில்.

இறுதிப்போட்டியை யூஃபா 2010-ல் புதன்கிழமையிலிருந்து சனிக்கிழமைக்கு மாற்றியது. நேரம் மட்டும் இரவாகவே இருந்தது, கூடுதல் நேரம், பெனால்டி என்று போனால் வெளியூர் ரசிகர் மைதானத்தை விட்டு வர நள்ளிரவு. 2025 ஆகஸ்டில் அதையும் மாற்றுவதாக யூஃபா அறிவித்தது. புடாபெஸ்டில் 2026 மே 30-ம் தேதி இறுதிப்போட்டிக்குக் குறித்த நேரம் 9 மணி அல்ல, மாலை 6 மணி. குடும்பத்தோடும் குழந்தைகளோடும் வருபவர்கள் பஸ், ரயில் ஓடும்போதே திரும்பலாம் என்பது அதற்குச் சொன்ன காரணம். இந்தியக் கணக்கில் 12.30 மணிக்குப் பதில் இரவு 9.30.