இடுப்பு பெல்ட்டும் குழந்தை சீட்டும்

1930களில் அமெரிக்காவில் விற்ற குழந்தை கார் சீட் பாதுகாப்புக்காக வந்ததல்ல; பிள்ளை உயரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கத்தான்! விபத்தை நினைத்துச் செய்தவை 1962 வாக்கில்தான் வந்தன.

அங்கே பள்ளிப் பேருந்து தனி வழியில் போனது. 1977 முதல் உயரமான மெத்தைச் சாய்வுகளையே நம்பினார்கள். பெரிய பேருந்துக்கு பெல்ட் கட்டாயமில்லை. நியூயார்க் மாநிலம் 1987-ல் புதுப் பேருந்துகளில் பெல்ட் பொருத்தச் சொன்னது. வந்தது இடுப்பு பெல்ட். தோளையும் பிடிக்கும் பெல்ட்டை வால்வோவின் நில்ஸ் போலின் 1959-லேயே கொடுத்திருந்தார்!

இடுப்பு பெல்ட் மட்டும் என்றால் சின்னக் குழந்தைக்கு வயிற்றில் ஏறி அழுத்தும். பூஸ்டர் சீட்டும் உதவாது, அதற்குத் தோள் பெல்ட் வேண்டும். தனக்கென்று ஐந்து முனை வார் உள்ள சீட்டை வாங்கி, இடுப்பு பெல்ட்டால் அதை இறுக்கிக் கட்டலாம். பாலர் பள்ளிப் பிள்ளைகளைப் பேருந்திலும் குழந்தை சீட்டில்தான் உட்காரவைக்க வேண்டும் என்று அரசு வழிகாட்டியது 1999-ல்தான்.