யார் காதுலயும் விழாத, எல்லார் காலையும் ஆட வைக்கிற நாலு கம்பி! - பேஸ் கிடார் பழக ஆசையா பாஸ்?

பங்குனி மாசம். ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய மாரியம்மன் கோயில் பூக்குழி சமயம். ரெண்டு தெரு தள்ளி எங்கேயோ இன்னிசைக் கச்சேரி நடக்குது. என்ன பாட்டுன்னு தெரியலை, பாடுறது ஆணா பெண்ணான்னுகூடப் புரியலை. ஆனா 'தும்... தும்தும்...'னு ஒண்ணு மட்டும் சுவரைத் தாண்டி வந்து நெஞ்சுல தட்டும் பாருங்க, அதுல பாதி டிரம்ஸ், மீதி பேஸ் கிடார்.

மறுநாள் அதே கச்சேரியை யாராவது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல வெச்சிருப்பாங்க. இப்போ பாட்டு தெளிவா கேக்குது, கீபோர்டு கேக்குது, விசில்கூட கேக்குது. ஓரமா நிக்கிற பேஸ் கிடார்காரரோட விரல் மட்டும் அசையுது, சத்தத்தைக் காணோம்!

போன் மேல தப்பு இல்லைங்க. பேஸ் கிடாரோட தடிமனான கம்பியைச் சும்மா மீட்டினா விநாடிக்குச் சுமார் 41 அதிர்வு. நம்ம போன்ல இருக்குற பொடி ஸ்பீக்கரால அவ்வளவு கீழே இறங்க முடியாது. அதனால பேஸ் பழகணும்னு ஆசைப்படுறவங்க முதல்ல வாங்க வேண்டியது கிடார் இல்லை, ஒரு சுமாரான ஹெட்போன். அதை மாட்டிக்கிட்டு 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்துல வர்ற 'இளைய நிலா' பாட்டைக் கேளுங்க. எல்லோரும் சிலாகிக்கிற அந்த கிடாரைக் கொஞ்ச நேரம் மறந்துட்டு, அடியில ஓடுறதை மட்டும் பின்தொடர்ந்து போங்க. பாட்டுக்குள்ள இன்னொரு பாட்டு ஓடிக்கிட்டிருக்கும்.

நாலு கம்பி, ஒரு நாற்காலி

பேஸ் கிடார் பார்க்க கிடாரோட அண்ணன் மாதிரி இருக்கும். பெரும்பாலும் நாலே கம்பி. மேலிருந்து ஈ, ஏ, டி, ஜி. கம்பியோட நீளம் பொதுவா 34 அங்குலம், சாதா கிடாரைவிட முக்கால் அடி அதிகம். இது வர்றதுக்கு முன்னாடி ஆளுயரத்துக்கு இருக்குற டபுள் பேஸைத்தான் சுமந்துக்கிட்டு அலைஞ்சாங்க. 1951-ல் அமெரிக்காவுல லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்'னு ஒண்ணைக் கொண்டு வந்தார். தோள்ல மாட்டிக்கிட்டு பஸ் ஏறலாம்னு ஆச்சு.

நம்ம பக்கம் இதோட கதை சினிமா வழியாத்தான் வந்துச்சு. இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் தேனி மாவட்டம். ராஜபாளையத்துல இருந்து பார்க்கிற அதே மேற்குத் தொடர்ச்சி மலையோட அடிவாரம்தான். அண்ணன் பாவலர் வரதராஜனோட ஊர் ஊரா மேடைக் கச்சேரிக்குப் போன பையன், 1976-ல் 'அன்னக்கிளி' மூலமா சினிமாவுக்கு வந்த பிறகு, பேஸுக்குன்னு தனி மெட்டே எழுத ஆரம்பிச்சார். அதைப் பல வருஷம் வாசிச்சவர் சசிதரன். ஏ.ஆர்.ரஹ்மான் பாட்டுகள்ல அந்த இடத்துல கீத் பீட்டர்ஸ். ரெண்டு பேரோட முகத்தையும் நம்மள்ல பல பேர் பார்த்திருக்க மாட்டோம். கை மட்டும் நம்ம காதுல இருக்கு.

இப்போ நிஜத்துக்கு வருவோம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சுத்துவட்டாரத்துல ஒரு கச்சேரி செட்டுல சேரப் போறீங்கன்னா, உங்களுக்கு முதல் போட்டி இன்னொரு பேஸ் கிடார்காரர் இல்லை. கீபோர்டு அண்ணனோட இடது கை! விழாக் கமிட்டி பட்ஜெட்டைக் குறைச்சா முதல்ல காலியாகிற நாற்காலி உங்களோடது. "பேஸை நான் இடது கைல பார்த்துக்கிறேன் தம்பி"னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க. அதுவும் போக, ட்ராக் போட்டுப் பாடுற கச்சேரியில பேஸ் ஏற்கெனவே பென் டிரைவ்ல உக்காந்திருக்கும்.

அப்போ நாம எதுக்கு? நான் சில வருஷம் இப்படி வாசிச்சவன்ங்கிறதால சொல்றேன். கீபோர்டு இடது கை ஸ்வரத்தைச் சரியா போடும். ஆனா அந்தக் கைக்குச் சொந்தக்காரர் வலது கையில வயலின், புல்லாங்குழல்னு எல்லாத்தையும் ஒரே நேரத்துல சமாளிச்சுக்கிட்டு இருப்பார். டிரம்ஸ்காரரோட காலைப் பார்த்துக்கிட்டே இருக்க அவருக்கு நேரமில்லை. உங்களுக்கு அதுதான் முழுநேர வேலை.

விரல் பழக்கம்

வலது கையில ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டையும் மாத்தி மாத்தி மீட்டணும். கம்பியைப் பிடிச்சு இழுக்காதீங்க. விரல் கம்பியைத் தாண்டி அடுத்த தடிமன் கம்பி மேல போய் சாயணும். ரெண்டு விரலும் ஒரே சத்தம் கொடுக்கவே மாசக்கணக்காகும். கொப்புளம் வரும், உடைக்காதீங்க, ரெண்டு நாள் விட்டு மறுபடி வாசிங்க. ரெண்டு விரல் கட்டாயமான்னு கேட்டா, இல்லை. அமெரிக்காவுல மோடவுன் கம்பெனி பாட்டுகளுக்கு வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சன் ஆள்காட்டி விரல் ஒண்ணை வெச்சே உலகத்தை ஆட வெச்சவர். ஆனா நாம ஜேமர்சன் இல்லை, ரெண்டு விரல்லயே ஆரம்பிப்போம்.

இடது கையில தலைப்பக்கத்து கட்டங்கள் ரொம்ப அகலம். நாலு விரலையும் நாலு கட்டத்துல விரிச்சு வைக்கச் சொல்ற வீடியோக்களைப் பார்த்து மணிக்கட்டைக் கெடுத்துக்காதீங்க. ஆள்காட்டி, நடுவிரல், சுண்டுவிரல்னு மூணை மட்டும் வெச்சு மூணு கட்டத்தைச் சமாளிங்க (மோதிர விரல் சுண்டுவிரலுக்குத் துணைக்கு நிக்கட்டும்). வலிச்சா நிறுத்துங்க. வலியைத் தாங்குறது பயிற்சி இல்லை.

அதைவிட முக்கியமான ஒண்ணை யாரும் சொல்லித்தர மாட்டாங்க. சத்தத்தை நிறுத்தப் பழகணும். ஒரு கம்பியை வாசிக்கும்போது பக்கத்துக் கம்பி தானா முனகும். வீட்டுல அது தெரியாது. ஆளுயர பேஸ் பாக்ஸ்ல போட்டா பஸ் ஸ்டாண்டுல லாரி நிக்கிற மாதிரி உறுமும். வலது கைக் கட்டைவிரலைத் தடிமன் கம்பி மேல சாய்ச்சே வெச்சிருங்க, இடது கையில சும்மா இருக்குற விரல்களால மத்த கம்பிகளை லேசா தொட்டுக்கிட்டே இருங்க. நல்ல பேஸ் வாசிப்புல பாதி இந்த அமைதிதான்.

என்ன வாசிக்கிறது? முதல் ஆறு மாசம் 'ச'வும் 'ப'வும் போதும். டிரம்ஸ்ல கால் எங்கே விழுதோ அங்கே உங்க விரலும் விழணும். தெம்மாங்கு, கும்மி மாதிரி ஆறு எண்ணிக்கைப் பாட்டா? ஒண்ணாவது, நாலாவது எண்ணிக்கையில மட்டும் வாசிச்சுப் பாருங்க. கை துறுதுறுன்னுதான் இருக்கும், அடக்குங்க.

அடுத்து கட்டைக் கணக்கு. யூடியூப் வாத்தியார் 'ஜி மேஜர்'னு சொல்வார், மேடையில பாடகர் 'அஞ்சு கட்டை'ம்பார். ரெண்டும் ஒண்ணுதான். இதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க: தடிமனான ஈ கம்பியைச் சும்மா விட்டா 3 கட்டை, முதல் கட்டம் 4 கட்டை, ரெண்டாவது நாலரை, மூணாவது 5, நாலாவது அஞ்சரை, அஞ்சாவது 6, ஆறாவது ஆறரை, ஏழாவது 7. அடுத்த ஏ கம்பியில மூணாவது கட்டம் 1 கட்டை, நாலாவது ஒண்ணரை, அஞ்சாவது 2, ஆறாவது ரெண்டரை. பாடுறவங்க 'ச' இதுல எங்கே இருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டுத் தொடத் தெரிஞ்சா போதும், செட்டுல உங்களுக்கு மரியாதை வந்துடும்.

இதைத் தெரிஞ்சு வெச்சிருந்தும் நான் மாட்டினேன். ஒரு கிராமத்துப் பொங்கல் விழா. பாடுற அக்காவுக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு. பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு ஒரு நொடி முன்னாடி திரும்பி, "தம்பி, அரைக்கட்டை இறக்கிக்கோங்க"ன்னாங்க. கீபோர்டு அண்ணன் ஒரே பட்டனைத் தட்டி இறங்கிட்டார். எனக்குக் கேக்கலை. பல்லவி முழுக்க நான் பழைய ஸ்ருதியில போய்க்கிட்டிருக்கேன், அவங்க அரைக்கட்டை கீழே. அந்தச் சத்தத்தை எழுத்துல சொல்ல முடியாது. முன் வரிசைப் பெரியவர் ஒருத்தர் எழுந்து போய் ஜெனரேட்டரை எட்டிப் பார்த்துட்டு வந்தார். அன்னையில இருந்து ரெண்டு பழக்கம் வந்துச்சு. ஒண்ணு, எந்தப் பாட்டையும் சும்மா விட்ட கம்பியை நம்பிப் பழகுறது இல்லை. எல்லாத்தையும் அழுத்தியே வாசிச்சா, ஒரு கட்டம் தள்ளிப் போனா போதும், பாட்டே மாறிடும். ரெண்டு, பாட்டு ஆரம்பிக்கும்போது பாடுறவங்க முகத்தைப் பார்க்கிறது.

வேற விபத்துகளும் உண்டு. தோள் வார் கழண்டு பேஸ் முழங்கால்ல விழுந்தது (பிளம்பிங் கடை ரப்பர் வாஷரை வாரோட குமிழ் மேல மாட்டினா கழலாது). பேட்டரி போட்ட பேஸை ஒயர் சொருகினபடியே ராத்திரி முழுக்க விட்டு, மறுநாள் மேடையில மூணாவது பாட்டுல சத்தம் கரகரன்னு செத்தது (ஒயரைப் பிடுங்கினாத்தான் பெரும்பாலான மாடல்கள்ல பேட்டரி அணையும்). ஒருமுறை ஆடிக்கிட்டிருந்த அண்ணன் ஒருத்தர் காலை ஒயர்ல விட்டு பிடுங்கிட்டார். பாட்டு நிக்கலை, டிரம்ஸ் நிக்கலை. முன்னாடி ஆடிக்கிட்டிருந்த பசங்க மட்டும் தடுமாறி, ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டு நின்னுட்டாங்க. என்ன போச்சுன்னு அவங்களுக்குத் தெரியலை. எனக்கு அன்னைக்குத்தான் சம்பளத்தைவிடப் பெரிய சந்தோஷம்.

இது மட்டும் விளையாட்டு இல்லை

1972-ல் இங்கிலாந்துக்குப் பக்கத்துல வேல்ஸ்ல இருக்குற ஸ்வான்ஸீ நகரத்துல, லெஸ் ஹார்வினு ஒரு கிடார் கலைஞர் மேடையில மைக்கைத் தொட்டார். மின்சாரம் பாய்ஞ்சு இறந்துட்டார். மைக்குக்குச் சரியான எர்த் இல்லை.

இது நம்ம தெருமுனை மேடையிலயும் நடக்கலாம். எப்படின்னா, உங்க பேஸ் கம்பிகள் ஒயர் வழியா ஆம்ப்ளிஃபையரோட எர்த்தோட சேர்ந்திருக்கு. மைக்கோட வலை, மிக்ஸரோட எர்த்தோட. ஆம்ப்ளிஃபையர் ஒரு லைன்ல, மிக்ஸர் ஜெனரேட்டர்ல இருந்து வர்ற இன்னொரு லைன்ல. ரெண்டுல ஒண்ணுக்கு எர்த் இல்லாம மின்கசிவு இருந்துட்டா, கை கம்பியில, உதடு மைக்ல. நடுவுல ஒயரா இருக்கிறது நீங்க.

கோரஸ் பாட மைக் முன்னாடி போறதுக்கு முன்னாடி, பேஸ் கம்பிக்கும் மைக் வலைக்கும் நடுவுல மல்டிமீட்டர் வெச்சு வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்க. அது இல்லைன்னா டெஸ்டரையாவது மைக் மேல வைங்க. எரிஞ்சா தொடாதீங்க. எரியலைங்கிறதுக்காக முழுசா நம்பவும் செய்யாதீங்க. மேடையில இருக்குற எல்லாமே ஒரே இடத்துல இருந்து மின்சாரம் எடுக்கட்டும். மூணு பின் பிளக்குல பெரிய பின்னை உடைச்சிட்டு சொருகுற பழக்கம் இருக்கு பாருங்க, அதைப் பார்த்தா வாசிக்க மாட்டேன்னு சொல்லுங்க. 30 மில்லி ஆம்பியர்ல ட்ரிப் ஆகுற பிரேக்கர் பெட்டி ஒண்ணு சவுண்ட் சர்வீஸ் அண்ணன்கிட்ட இருக்கான்னு கேளுங்க. இல்லைன்னா செட்டு சேர்ந்து வாங்கலாம். பேஸுக்கோ மைக்குக்கோ ஒயர்லெஸ் போட்டுட்டா அந்தச் சுற்றே அறுந்துடும். மழை தூறினா நிறுத்துங்க. "ஒரே ஒரு பாட்டு தம்பி"ன்னு கமிட்டியில கெஞ்சுவாங்க. வேண்டாம்.

கம்பியைத் தொட்டா மட்டும் நிக்கிற 'ம்ம்ம்' இரைச்சல் வேற விஷயம், அது பெரும்பாலும் ஆபத்து இல்லை. சுருக்குன்னு ஒரு கடி கடிச்சா அது ஆபத்து. ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

வாங்கப் போறீங்களா?

நிறைய மாடலைக் கையில எடுத்துப் பார்க்கணும்னா மதுரைக்கு பஸ் ஏறிடுங்க. ஆன்லைன்ல படம் பார்த்து வாங்கினா கழுத்து வளைஞ்சிருக்கிறது தெரியாது. பழசு வாங்குறவங்க கழுத்தை ஓரமா கண்ணுக்கு நேரா பிடிச்சுப் பாருங்க, லேசான வளைவு பரவாயில்லை, முறுக்கிக்கிட்டு இருந்தா வேண்டாம். ஒவ்வொரு கட்டத்தையும் வாசிச்சுப் பாருங்க. சாதா கிடார் ஆம்ப்ளிஃபையர்ல பேஸை சத்தமா வாசிக்காதீங்க, ஸ்பீக்கர் கிழிஞ்சுடும். வீட்டுக்கு ஹெட்போன் மாட்டுற சின்ன கருவி ஒண்ணு போதும், பக்கத்து வீட்டுக்காரங்களும் பகையாக மாட்டாங்க.

வாங்கினதைக் கண்ணுல இருந்து விடாதீங்க. பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னி 1961-ல் ஜெர்மனியில வாங்கின வயலின் வடிவ ஹாஃப்னர் பேஸ், 1972-ல் லண்டன்ல திருடு போச்சு. திரும்பக் கிடைக்க ஐம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. மேடைக்குப் பின்னாடி சாப்பாட்டுப் பந்தி நடக்கிற நேரம்தான் கருவி காணாமப் போற நேரம். இலையில உக்காரும்போது பையைக் காலுக்கு நடுவுல வெச்சுக்கோங்க.

அந்தப் பையில என்னென்ன இருக்கணும்? கூடுதலா ஒரு ஒயர், 9 வோல்ட் பேட்டரி, கிடாரோட தலைப்பக்கத்துல கவ்வுற ட்யூனர் (கச்சேரிச் சத்தத்துல காதால ஸ்ருதி சேர்க்க முடியாது), டெஸ்டர், கை துடைக்கத் துண்டு, நுரை காது அடைப்பான். பேஸ் பாக்ஸ் பக்கத்துலயே மூணு மணி நேரம் நிக்கப் போறது நீங்கதான். அப்புறம் பாட்டு லிஸ்ட். ராத்திரி 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தணும்ங்கிறது சட்டம், ஸ்பெஷல் அனுமதி இல்லாத மேடையில போலீஸ் அண்ணன் வந்து கையைக் காட்டிடுவார். அதனால உங்களுக்குப் பிடிச்ச பேஸ் இருக்குற பாட்டைக் கடைசியில போட விடாதீங்க, ஒன்பதரைக்குள்ள வர்ற மாதிரி கீபோர்டு அண்ணன்கிட்ட முன்கூட்டியே பேசி வெச்சுக்கோங்க.