இருநூறு மீற்றருக்குக் கீழே: சிற்றலை வானொலியும் அதன் முதற் பயில்வோரும் (1912 – 1927)

கம்பியில்லாத் தந்தியினதும் வானொலியினதும் வரலாறு பெரும்பாலும் இரு வகையினரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மக்ஸ்வெல், ஹேர்ட்ஸ், போஸ், பொப்பொவ், மார்க்கோனி முதலிய விஞ்ஞானிகளும் புத்தமைப்பாளரும் ஒரு வகையினர். அவர்தம் கண்டுபிடிப்புகளை வர்த்தகமாக்கிய கம்பனிகளும், அவற்றை ஆட்சித் தேவைகளுக்குப் பயன்படுத்திய அரசுகளும் மறு வகையினர். இவ்விரு வகையினருக்கும் இடையே மூன்றாவது கூட்டமொன்றும் இருந்தது. பட்டமோ பதவியோ காரணமாக அன்றி, கற்கும் ஆர்வம் ஒன்றினாலேயே இத்துறைக்கு வந்து, வீட்டறையிலும் பாடசாலை ஆய்வுகூடத்திலும் கருவிகளைத் தம் கையாற் செய்து பழகியோரே அவர்கள். அமெச்சூர் வானொலியாளர் என அழைக்கப்பட்ட இவர்கள் வரலாற்று நூல்களின் அடிக்குறிப்புகளிலேயே பெரும்பாலும் இடம்பெறுகின்றனர்.

1912ஆம் ஆண்டுக்கும் 1927ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில், பயன்படாதன என ஒதுக்கப்பட்ட சிற்றலைகளின் ஆற்றலை உலகுக்கு உணர்த்தியதில் இப்பயில்வோர் வகித்த பங்கினை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒரு தொழில்நுட்பத்தைக் கற்கும் உரிமைக்கும் அதனை உடைமையாகக் கொள்ளும் அதிகாரத்துக்கும் இடையிலான முரண்பாட்டினை இவ்வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது என்பது எமது கருத்து.

1. பயில்வோரின் முதற் பாடம்

அக்காலப் பயில்வோர் எதனைக் கற்றனர் என்பதை முதலில் நோக்குவோம். கம்பியொன்றில் மின்னோட்டம் முன்னும் பின்னுமாக மிக விரைவாக அலையுமாயின், அதன் சக்தியில் ஒரு பகுதி அலையாகக் கம்பியை விட்டு நீங்கி வெளியிற் பரவுகின்றது. மக்ஸ்வெல் 1860களிற் கணிதத்தின் வாயிலாக முன்கூறிய இவ்வுண்மையை, 1886ஆம் ஆண்டு தொடங்கி காள்ஸ்றூ நகரில் நடத்திய பரிசோதனைகளால் ஹேர்ட்ஸ் நிறுவினார். மின்னோட்டம் ஒரு செக்கனில் எத்தனை முறை அலைகின்றது என்பதே மீடிறன். அலையொன்றின் முடியிலிருந்து அடுத்த அலையின் முடி வரையுள்ள தூரமே அலைநீளம். இவ்விரண்டின் பெருக்கம் எப்பொழுதும் ஒளியின் வேகத்துக்குச் சமமாகும். அவ்வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 300,000 கிலோமீற்றராதலால், 200 மீற்றர் அலைநீளம் 1500 கிலோஹேர்ட்ஸ் மீடிறனைக் குறிக்கும். அலைநீளம் குறையக் குறைய மீடிறன் கூடும்.

அடுத்த பாடம் பரிவு பற்றியது. ஊஞ்சலை அதன் இயல்பான ஆட்டத்துக்கு இசையத் தள்ளினாலன்றி அது உயர எழுவதில்லை. அதுபோன்றே, கம்பிச் சுருளும் கொள்ளளவியும் சேர்ந்த சுற்று தனக்கென ஓர் இயல்பான மீடிறனை உடையது. ஏரியலில் வந்து மோதும் எண்ணற்ற அலைகளுள் அம்மீடிறனை உடையதையே அது பெரிதும் ஏற்கின்றது. சுருளின் சுற்றுக்களைக் கூட்டியும் குறைத்தும் வேண்டிய நிலையத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

இவற்றைக் கற்பதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியிருக்கவில்லை. அட்டைக் குழலிற் சுற்றிய காவலிட்ட செப்புக் கம்பி, கலீனா என்னும் ஈயக் கனியத்தின் சிறு துண்டு, அதன்மீது தொட்டுநிற்கும் மெல்லிய கம்பிமுனை, காதிற் பொருத்தும் ஹெட்போன், கூரைக்கு மேலே கட்டிய நீண்ட ஏரியல் ஆகியவையே ஒரு பளிங்கு வாங்கிக்குப் போதுமானவை. மின்கலமும் வேண்டியதில்லை. மின்னை ஒரு திசையிலேயே எளிதாகக் கடத்தும் கலீனாவின் இயல்பை அலையுணர்கருவியாகப் பயன்படுத்துவதற்குக் கல்கத்தாவின் ஜகதீஸ் சந்திர போஸ் 1901இல் அமெரிக்கக் காப்புரிமை கோரி 1904இல் அதனைப் பெற்றிருந்தார் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. அலைபரப்ப விரும்பியோருக்கு மோட்டார் வண்டியின் தீப்பொறிச் சுருளே தொடக்கத்திற் கைகொடுத்தது. முதலாம் உலக யுத்தத்தின் பின்னர் வால்வுகள் அதன் இடத்தைப் பிடித்தன.

எனவே, இத்துறையிற் கற்றலும் செய்தலும் பிரிக்கப்படாதிருந்தன. சூத்திரத்தைப் படித்தவன் அதே மாலையில் அதனைத் தன் சுருளில் சோதித்துப் பார்க்க முடிந்தது.

2. ஒதுக்கப்பட்ட அலைகள்

மார்க்கோனி 1901 டிசெம்பரில் அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பாலிருந்து வந்த குறியைக் கேட்டதாக அறிவித்த பின்னர், தொலைதூரத் தொடர்புக்கு நெட்டலையே உகந்தது என்ற நம்பிக்கை வலுப்பெற்றது. ஒஸ்ரின், கோகென் ஆகியோர் அளவீடுகளைக்கொண்டு அமைத்த சூத்திரமும் அலைநீளம் குறையுந்தோறும் குறி விரைவில் நலியும் எனக் கூறியது. ஆதலின் கம்பனிகளும் கடற்படைகளும் ஆயிரக்கணக்கான மீற்றர் அலைநீளங்களை நாடின. அத்தகைய அலைகளுக்கு வானளாவிய கோபுரங்களும் பெரும் மின்னாக்கிகளும் தேவைப்பட்டன. பெருமூலதனம் உடையோருக்கன்றிப் பிறருக்கு அவை எட்டாதனவாயின.

அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1912இல் இயற்றிய வானொலிச் சட்டம் இந்நிலையைச் சட்டவடிவில் உறுதிப்படுத்தியது. தனியார் பரிசோதனை நிலையங்கள் 200 மீற்றருக்கு மேற்படாத அலைநீளத்தையும் 1 கிலோவாற்றுக்கு மேற்படாத வலுவையும் மட்டுமே பயன்படுத்தலாம் என அது விதித்தது. சுருங்கக்கூறின், விளைநிலம் அனைத்தும் பங்கிடப்பட்ட பின்னர் எஞ்சிய தரிசுநிலமே பயில்வோருக்குக் கிடைத்தது.

தனித்தனி நிலையங்களின் எட்டுதூரம் குறுகியதாதலால், செய்தியை ஒருவரிடமிருந்து மற்றவர் ஏற்று அஞ்சல் செய்யும் ஒழுங்கினை அவர்கள் வகுத்தனர். 1914இல் ஹைரம் பேர்சி மக்சிமின் முயற்சியால் அமெரிக்க வானொலி அஞ்சற் கழகம் தோன்றியது. அடுத்த ஆண்டின் இறுதியில் அதன் மாத இதழ் வெளிவரத் தொடங்கியது. ஒருவர் கண்டறிந்த சுற்றமைப்பை அடுத்த மாதத்தில் நூற்றுக்கணக்கானோர் செய்து பார்த்துத் திருத்தினர். கம்பனிகள் காப்புரிமைகளாற் பூட்டிவைத்த காலத்தில், இவர்களிடையே அறிவு பொதுச்சொத்தாகப் புழங்கியது. 1917இல் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியபொழுது இந்நிலையங்கள் யாவும் மூடப்பட்டன. 1919இலேயே அவை மீண்டும் ஒலிபெற்றன.

3. கடல்கடந்த குறிகள்

யுத்தத்தின் பின்னர் இக்கழகம் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்க முயன்றது. 1921 டிசெம்பரில் அதன் சார்பில் போல் கொட்லி என்பார் ஸ்கொத்லாந்தின் ஆட்றொசன் கடற்கரையிற் கூடாரமடித்து, குளிரிலும் மழையிலும் இரவிரவாகக் காத்திருந்தார். கொனெற்றிக்கட் மாநிலத்தின் கிறீனிச் நகரில் ஆர்வலர் சிலர் அமைத்திருந்த நிலையத்தின் குறி, ஏறத்தாழ 230 மீற்றர் அலையில் அவருக்குத் தெளிவாகக் கேட்டது. வேறு பல அமெரிக்க நிலையங்களும் கேட்டன. சூத்திரத்தின்படி நிகழக்கூடாதது நிகழ்ந்தது.

கேட்பது வேறு, உரையாடுவது வேறு. பிரான்சின் நீஸ் நகரைச் சேர்ந்த லெயோன் டெலோய் 1923இல் அமெரிக்காவுக்குச் சென்று அங்குள்ள ஆர்வலரின் முறைகளைக் கற்றுத் திரும்பினார். அவ்வாண்டு நவம்பர் மாத இறுதியில் அவரும் கொனெற்றிக்கட்டிலிருந்த பிரெட் ஷ்னெலும் ஏறத்தாழ 110 மீற்றர் அலையில் ஒருவருக்கொருவர் மறுமொழி கூறிக்கொண்டனர். அதே இரவில் ஜோன் றைனாட்சும் இவ்வுரையாடலிற் சேர்ந்துகொண்டார். ஆர்வலரிடையே அத்திலாந்திக்கின் இரு கரைகளையும் இணைத்த முதல் இருவழித் தொடர்பு இதுவே.

1924 ஒக்டோபர் 18ஆந் திகதி நிகழ்ந்தது இதனினும் வியப்புக்குரியது. இலண்டனில் மில் ஹில் பாடசாலையின் நிலையத்திலிருந்த பதினெட்டு வயது மாணவர் சிசில் கோய்டர், நியூசிலாந்தின் ஒற்றாகோ மாகாணத்திற் செம்மறிப் பண்ணையொன்றில் நிலையம் அமைத்திருந்த பிராங்க் பெல்லுடன் உரையாடினார். இருவருக்கும் இடையிலான தூரம் 18,000 கிலோமீற்றருக்கும் அதிகம். பூமியில் அதனினும் மிக நீண்ட தூரம் இருக்க முடியாது எனலாம். பின்னர் அந்நிலையத்தைப் பொறுப்பேற்று நடத்திய பிராங்க் பெல்லின் சகோதரி பிறெண்டா பெல், நியூசிலாந்தின் முதற் பெண் அமெச்சூர் வானொலியாளர் ஆனார். 1927இல் அந்நாட்டிலிருந்து தென்னாபிரிக்காவுடன் முதன்முதலாக வானொலித் தொடர்பு கொண்டவரும் அவரே.

சோவியத் நாட்டில் 1924இலேயே தனியார் வாங்கிகளுக்கு அனுமதி கிடைத்தது. 1925 ஜனவரியில் நிஷ்னி நொவ்கொரட் நகரிலிருந்து பியோதர் லபோவ் தாமே அமைத்த அலைபரப்பியால் விடுத்த குறி ஈராக்கிற் கேட்கப்பட்டது. சமூக அமைப்பு வேறுபட்ட நாடுகளிலும் இப்பயில்வு ஒரே திசையிற் சென்றமை கவனத்துக்குரியது.

4. செயலைத் தொடர்ந்த சான்று

சிற்றலை எவ்வாறு பூமியின் வளைவைக் கடந்து சென்றது? வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மின்னைக் கடத்தும் படலமொன்று இருக்கலாம் என 1902இலேயே கெனெலியும் ஹெவிசைட்டும் தனித்தனியே கருதியிருந்தனர். எனினும் அது ஊகமாகவே இருந்தது. 1924 டிசெம்பரில் அப்பிள்ரனும் பாணெற்றும் போண்மத் ஒலிபரப்பு நிலையத்தின் அலையை ஒக்ஸ்போட்டில் அளந்து, அலை மேலிருந்தும் திரும்பிவருகின்றது என்பதற்குச் சான்று காட்டினர். இதற்காக அப்பிள்ரன் 1947இல் நோபல் பரிசு பெற்றார். கோய்டரும் பெல்லும் உரையாடி இரு மாதங்களுக்குள் இப்பரிசோதனை நடைபெற்றது என்பதை நோக்குக.

நிலத்தை ஒட்டிச் செல்லும் சிற்றலை விரைவில் நலிந்துவிடும். அவ்வளவில் பழைய சூத்திரம் பிழையன்று. ஆனால் மேல்நோக்கிச் செல்லும் அலை அயன மண்டலத்தால் வளைக்கப்பட்டு ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் மீண்டும் நிலத்தை அடைகின்றது. இடையே குறி கேட்காத வலயமொன்று அமைகின்றது. இவ்வலயம் பற்றிய ஆய்வில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தினர் ஆர்வலர் திரட்டிய அவதானிப்புகளையும் பயன்படுத்தினர். கோட்பாடு நடைமுறையிலிருந்து ஊட்டம் பெற்றமைக்கு இது தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

இவ்விடத்து நடுவுநிலை வேண்டும். சிற்றலையின் பெருமை முழுவதும் ஆர்வலருக்கே உரியதன்று. மார்க்கோனியும் அவருடைய பொறியியலாளர் பிராங்கிளினும் 1923இல் 97 மீற்றர் அலையிற் கப்பலொன்றை நோக்கிச் சோதனைகள் நடத்தியிருந்தனர். ஆயினும் குறைந்த வலுவும் சிறிய கருவிகளும் உலகைச் சுற்றப் போதுமானவை என்பதைப் பலவிடங்களில், பலமுறை, யாவரும் அறியச் செய்து காட்டியோர் பயில்வோரே.

5. அறிவும் உடைமையும்

தரிசுநிலம் விளையுமென்று கண்டதும் உரிமை கோருவோர் பெருகினர். 1924இல் பிரித்தானிய அரசு மார்க்கோனி கம்பனியுடன் ஒப்பந்தஞ்செய்து, குறித்த திசையில் மட்டும் சிற்றலையைக் குவித்து அனுப்பும் நிலையங்களை அமைக்க முற்பட்டது. 1926இற் கனடாவுடனும், 1927இல் அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா, இந்தியா ஆகியவற்றுடனும் இச்சேவைகள் தொடங்கின. நெட்டலை நிலையங்களிலும் குறைந்த செலவில் அமைந்த இவை, கடலடித் தந்திக் கம்பனிகளின் வருவாயைப் பெரிதும் பாதித்தன. அதன் விளைவாக 1928இல் இலண்டனில் ஏகாதிபத்திய மாநாடு கூடியது. 1929இல் கம்பித் தந்தியும் கம்பியில்லாத் தந்தியும் ஒரே பெருங்கம்பனியின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. புதிய உற்பத்திச் சக்தியொன்று பழைய மூலதனத்தை அச்சுறுத்தும்பொழுது அதனையே விழுங்கிக்கொள்வது முதலாளித்துவத்தின் இயல்பு என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

1927இல் வாஷிங்டனிற் கூடிய சர்வதேச வானொலித் தந்தி மாநாடு அலைகளை நாடுகளிடையே முறையாகப் பங்கிட்டது. பரந்த சிற்றலை வெளியில் 7000 முதல் 7300 கிலோஹேர்ட்ஸ் வரை என்பது போன்ற ஒடுங்கிய பட்டிகளே ஆர்வலருக்கு விடப்பட்டன. அவர்களுடைய கழகங்கள் வாதாடியிராவிடின் இதுவும் கிடைத்திராது.

6. எமது பகுதியில்

இவ்வரலாற்றின் அலைகள் தென்னாசியாவையும் தொட்டன. கொழும்பில் தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வேட் ஹாப்பர் 1923இற் பரிசோதனை ஒலிபரப்பை நடத்தினார். 1925 டிசெம்பர் 16ஆந் திகதி ஒழுங்கான சேவை தொடங்கியது. சென்னையில் 1924இல் சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியார் முதலிய ஆர்வலர் சென்னை மாகாண வானொலிக் கழகத்தை அமைத்து, அவ்வாண்டு ஜூலை இறுதியில் ஒலிபரப்பைத் தொடங்கினர். பணமுடையால் 1927இல் அது நின்றபொழுது, அதன் கருவி சென்னை மாநகராட்சியிடம் சேர்ந்தது. 1936இல் அகில இந்திய வானொலியின் தலைமைப் பொறியியலாளராகப் பொறுப்பேற்றவர் வேறு எவருமல்லர், மில் ஹில் பாடசாலையிற் பயின்ற அதே கோய்டரே. அவருடைய பதவிக்காலத்திலேயே சென்னை நிலையம் 1938 ஜூன் 16ஆந் திகதியும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மே மாதத்திலும் தொடங்கின.

எனினும் வேறுபாடொன்று தெளிவாகத் தெரிகின்றது. 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமம் இன்றி வானொலிக் கருவியை வைத்திருத்தலையே குற்றமாக்கியது. குடியேற்ற ஆட்சியில் மக்கள் கேட்போராக இருப்பது வரவேற்கப்பட்டது. அலைபரப்புவோராக இருப்பது ஐயத்துடன் நோக்கப்பட்டது.

முடிவுரை

நாம் எடுத்துக்காட்டிய பயில்வோருட் பலர் உழைக்கும் வர்க்கத்தினர் அல்லர். பெரிய பண்ணையும் புகழ்பெற்ற பாடசாலையும் அவர்களுக்குத் துணைநின்றன. ஓய்வும் சிறிது பொருளும் உடையோருக்கே கற்கும் வாய்ப்பு கிடைத்தது என்பதை மறைத்தல் கூடாது. ஆனால் அவர்கள் பயன்படுத்திய செப்புக் கம்பியும் கனியத் துண்டும் எவருக்கும் எட்டக்கூடியனவாகவே இருந்தன. எட்டாதிருந்தவை ஓய்வும் மொழியும் உரிமமுமே.

இன்று அலைக்கற்றைகள் பல நாடுகளிற் பெருந்தொகைக்கு ஏலம் விடப்படுகின்றன. கைத்தொலைபேசியினுள் அலைபரப்பியும் வாங்கியும் ஒருங்கே அடங்கியுள்ளன. ஆயினும் அதனைத் திறந்து கற்பவர் மிகச் சிலரே. மீடிறன், பரிவு என்னும் சொற்களைத் தமிழ்மொழிமூலம் பரீட்சைக்காகக் கற்கும் எமது மாணவர், ஒரு சுருளைத் தம் கையாற் சுற்றித் தொலைவிலுள்ள நிலையமொன்றைக் கேட்கும் வாய்ப்பையும் பெறவேண்டும். அலையை ஏற்க மட்டுமே பழகிய சமுதாயம் பிறர் சொல்வதையே கேட்டுக்கொண்டிருக்கும். தானும் அலைபரப்பக் கற்ற சமுதாயமே மறுமொழி கூறவல்லது.