கல்லறைக் கல்லில் ஒரு கடைசி வாக்கு

நம்முடைய கல்லறைத் தோட்டங்களில் கற்களை வாசித்துக்கொண்டே நடந்தால், ஏறக்குறைய எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். பெயர், பிறப்பு, இறப்பு, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்ற அறிவிப்பு, ஒரு வேதவசனம். இறந்தவர் எந்த அநியாயத்தை எதிர்த்தார், எந்தச் சட்டத்துக்காகப் போராடினார் என்பதை அந்தக் கற்கள் சொல்வதில்லை. அந்த வழக்கெல்லாம் சாவோடு முடிந்துவிட்டது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் தங்கள் அரசியல் கொள்கையையே கல்லில் பொறிக்கச் சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு. அமெரிக்க வரலாற்றிலிருந்து இருவரை இந்த இதழில் பார்ப்போம்.

முதலாமவர் தாமஸ் ஜெஃபர்சன், அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி. 1826 ஜூலை 4-ல் இறந்தார். தம் கல்லில் என்ன இருக்கவேண்டும் என்பதை அவரே எழுதிவைத்திருந்தார். சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர், வர்ஜீனியாவின் மதச் சுதந்திரச் சட்டத்தை எழுதியவர், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் தந்தை. இம்மூன்றுக்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம் என்றார். எட்டு ஆண்டுகள் வகித்த ஜனாதிபதி பதவிக்கு அதில் இடமில்லை. பதவியைவிடக் கொள்கையே பெரிது என்று அவர் நினைத்தார்.

ஆனாலும் அந்தக் கல் நிற்கும் இடத்தைக் கொஞ்சம் பாருங்கள். எல்லா மனிதரும் சமமாய்ச் சிருஷ்டிக்கப்பட்டார்கள் என்று எழுதிய அவர், தம் வாழ்நாளில் 600-க்கும் அதிகமானவர்களை அடிமைகளாக வைத்திருந்தார். அவருடைய மாண்டிசெல்லோ பண்ணையில் அவர் குடும்பத்தின் கல்லறைகள் ஓரிடத்தில் இருக்கின்றன. அடிமைகளைப் புதைத்த நிலம் வேறோர் இடத்தில் இருக்கிறது. அங்கே 40-க்கும் அதிகமான கல்லறைகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பெயர் பொறித்த கல் அங்கே இல்லை.

இரண்டாமவர் தாடியஸ் ஸ்டீவன்ஸ். 1792-ல் வெர்மான்ட் மாநிலத்தில் ஊனமுற்ற பாதத்தோடு பிறந்தார். தகப்பன் குடும்பத்தைக் கைவிட்டார். பக்தியுள்ள பாப்டிஸ்ட் தாயார் பாடுபட்டு மகனைக் கல்லூரி வரைக்கும் படிக்கவைத்தார். பென்சில்வேனியாவில் வழக்கறிஞரான ஸ்டீவன்ஸ், 1835-ல் ஏழைப் பிள்ளைகளுக்கும் இலவசப் பள்ளி தரும் சட்டத்தைத் தம் பேச்சினால் காப்பாற்றினார். 1838-ல் அந்த மாநிலத்தின் புதிய அரசியலமைப்பு கறுப்பினத்தாரின் வாக்குரிமையைப் பறித்தபோது, அதில் கையெழுத்திட மறுத்தார். உள்நாட்டுப் போரின்போது காங்கிரஸ் சபையில் அடிமை ஒழிப்பின் உரத்த குரலாக இருந்தார். 1863-ல் தென்மாநிலப் படை அவருடைய இரும்பாலையைத் தீக்கிரையாக்கியது. அவர் பின்வாங்கவில்லை. நாட்டில் பிறந்த யாவரும் குடிமக்கள், சட்டத்தின் சம பாதுகாப்பு யாவருக்கும் உண்டு என்னும் 14-ஆம் திருத்தத்துக்காக உழைத்தார். அது 1868 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதம் 11-ஆம் தேதி அவர் இறந்தார்.

அவரை ஒரு பரிசுத்தவானாகக் காட்ட நாம் முயலவில்லை. சூதாட்டத்தில் அவருக்கு நாட்டம் உண்டு, நாக்கும் கூர்மையானது. ஆனால் சாகுமுன் ஒரு காரியத்தைச் சரியாக முடித்தார். லங்காஸ்டர் நகரத்தின் பெரிய கல்லறைத் தோட்டங்களில் கறுப்பினத்தாரை அடக்கம்பண்ண விதிகள் இடங்கொடுக்கவில்லை என்று அறிந்தபோது, அங்கே தமக்கு இடம் வேண்டாம் என்றார். எல்லா இனத்தாரையும் ஏற்றுக்கொண்ட ஷ்ரைனர் என்னும் சிறிய தோட்டத்தைத் தேர்ந்தெடுத்தார். அதற்கான காரணத்தையும் கல்லில் பொறிக்கச் சொன்னார். அதன் சாரம் இதுதான்: தனிமையை விரும்பி இந்த ஒதுக்குப்புறத்துக்கு வரவில்லை. மற்ற தோட்டங்களின் விதிகள் இனம் பார்க்கின்றன. சிருஷ்டிகருக்கு முன்பாக மனிதர் யாவரும் சமம் என்று வாழ்நாளெல்லாம் சொன்னதைச் சாவிலும் காட்டவே இவ்விடத்தைத் தெரிந்துகொண்டேன்.

அவருடைய உயிலும் அதையே பேசியது. அநாதைப் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் அமைக்கவேண்டும், நிறம் பாராமல் எல்லாரும் ஒரே வகுப்பில் படிக்கவேண்டும், ஒரே மேசையில் சாப்பிடவேண்டும் என்று எழுதியிருந்தார். அந்த ஆஸ்தியிலிருந்து 1905-ல் உருவான பள்ளி, இன்று அவர் பெயரைத் தாங்கிய தொழில்நுட்பக் கல்லூரியாக லங்காஸ்டரில் இயங்குகிறது.

இரண்டு கற்களும் சமத்துவத்தைப் பற்றியவைதான். ஒன்றில் சொல் ஒருபக்கம், நிலம் மறுபக்கம். மற்றதில் சொல்லும் நிலமும் ஒத்துப்போகின்றன. கல்லில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். யாருக்குப் பக்கத்தில் படுக்கச் சம்மதிக்கிறோம் என்பதில்தான் அது மெய்யா என்று தெரிகிறது.

இது நமக்குத் தூரத்துக் கதை அல்ல. 1833-ல் பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியாவின் ஆங்கிலிக்கன் சபைகளில் சாதி வேறுபாடு உடனே ஒழியவேண்டும் என்று கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் அதற்கு இணங்கவில்லை. கிறிஸ்தவர்களின் கல்லறைத் தோட்டமே சாதிவாரியாகப் பிரிந்துகிடக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் இன்றும் உண்டு. ஒரே அப்பத்தில் பங்குபெற்றவர்கள் மண்ணில் தனித்தனியாகக் கிடக்கிறார்கள். அந்தக் கற்களிலும் உயிர்த்தெழுதலைப் பற்றிய வசனங்கள்தான் பொறிக்கப்பட்டிருக்கின்றன!

நாம் குடியேறிய இந்நாட்டில், நம் பெரியவர்களை அந்நிய மண்ணில், பல இனத்தாரின் நடுவே அடக்கம்பண்ணுகிறோம். இங்கே அந்தச் சுவர் இல்லை. ஆனால் கல்யாணப் பேச்சு எழும்போது நம் வீடுகளில் அது மறுபடி எழும்புகிறதா? அப்போஸ்தலர் 17:26-ஐ வாசித்துவிட்டு, வாலிபர் கூடுகையில் இந்த ஒரு கேள்வியைப் பேசுங்கள்: நாம் விசுவாசிக்கிறோம் என்று சொல்லும் எந்தக் காரியத்தை, கல்லில் எழுதாமலே நம் வாழ்க்கையைப் பார்த்து மற்றவர்கள் வாசிக்கமுடியும்?