ஹாலிஎல தோட்டங்களில் முன்பிள்ளைப்பருவப் பராமரிப்பும் கல்வியும்

ஹாலிஎல, ஊவா மாகாணத்தின் பதுளை மாவட்டத்தில் உள்ள சிறு நகரம். தெமோதரையைக் கடந்து பதுளைக்கு இறங்கும் ரயில் பாதையில் இருக்கிறது. இதைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், தாய்மார் மலையில் நிற்கும் நேரத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் இடம் பிள்ளைக்காம்பரா. பிள்ளை மடுவம் என்பாரும் உண்டு. நிர்வாகம் இன்று இதைச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பதிகிறது.

பிள்ளைக்காம்பரா கல்விக்காகத் தோன்றியதல்ல. கொழுந்து பறிப்பது பெரும்பாலும் பெண்களின் வேலை. கைப்பிள்ளைக்காரி வீட்டில் தங்கினால் பேர் (ஒரு நாள் வேலைக் கணக்கு) விழாது, கொழுந்து முற்றிவிடும். இந்தக் கணக்கே அதன் தோற்றுவாய். நீண்ட காலம் அது ஓர் ஆயாவும் வரிசையாய்த் தொங்கும் சேலைத் தொட்டில்களும் மட்டுமாகவே இருந்தது. 1939இன் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் பிற்காலத் திருத்தங்களும்கூட விஷயத்தை வேலைநேரத்தின் பக்கமிருந்தே பார்க்கின்றன: ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாலூட்டும் தாய்க்கு நாளில் இரண்டு இடைவேளைகள், பராமரிப்பிடம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணி, இல்லாவிட்டால் ஒரு மணி.

1992இல் தோட்ட நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றபோது, அரசு, கம்பனிகள், தொழிற்சங்கங்கள் மூன்றும் சேர்ந்த அமைப்பொன்று நலன்புரிப் பொறுப்பை ஏற்றது. இன்றைய பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் அதுவே; பதுளையில் அதற்குப் பிராந்திய அலுவலகம் உண்டு. ஆயாவின் இடத்துக்குப் பயிற்சி பெற்ற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் வந்தார். மூன்று வயதைத் தாண்டியவர்களுக்குப் பாட்டு, விளையாட்டு, எழுத்து அறிமுகம் என முன்பள்ளி வேலையும் பல நிலையங்களில் சேர்ந்தது. 2015இல் உலக வங்கி 5 கோடி டொலர் கடனுடன் ஒப்புதல் அளித்த முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தித் திட்டம், தோட்ட நிலையங்களைக் கட்டவும் திருத்தவும் தனிப் பங்கு ஒதுக்கியது. கட்டடங்கள் கண்ணில் படும் அளவுக்கு மாறியிருக்கின்றன.

மாறாதது பொறுப்பின் சிதறல். பராமரிப்பு தோட்டக் கம்பனியிடமும் நிதியத்திடமும்; முன்பள்ளி, அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின் கீழ் மாகாண சபையிடம்; முதலாம் வகுப்பு கல்வித் துறையிடம். எடையும் உயரமும் பார்ப்பது சுகாதாரத் துறை. ஒரே பிள்ளை ஐந்து வயதுக்குள் நான்கு பதிவேடுகளில் ஏறுகிறது, அந்தப் பதிவேடுகள் ஒன்றையொன்று சந்திப்பது அரிது. தனியே நடக்கும் முன்பள்ளி நண்பகலோடு மூடிவிடும், கொழுந்து நிறுத்து முடிய மாலையாகும். இடைப்பட்ட நேரத்தை நிரப்புவது பாட்டியோ அக்காவோதான். 2016ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமின்மை நாடளாவ 17 வீதம், தோட்டப்புறத்தில் 32 வீதம். இந்த இடைவெளியை எழுத்துப் பயிற்சியால் மூட முடியாது. இங்கு முதல் முன்னுரிமை நிலையத்தில் கிடைக்கும் சமைத்த உணவாகவே இருக்க வேண்டும். பாடத்திட்டச் சர்ச்சை அதற்குப் பின்.

வேல்ஸ் நாட்டு ஏற்பாட்டோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெளிவாகும். அங்கு வேலை செய்யும் பெற்றோரின் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு வாரம் 30 மணிநேரம் வரை பராமரிப்பு ஏற்பாடு உண்டு. அதோடு, 2006 அளவில் தொடங்கிய ஃப்ளையிங் ஸ்டார்ட் திட்டம், பெற்றோருக்கு வேலை உண்டா என்று கேளாமல், வறிய பகுதியில் வசிப்பதையே தகுதியாகக் கொள்கிறது. ஊவாத் தோட்டங்கள் அறிந்தது முதல் வகையை மட்டுமே.

இரண்டாவது வகையின் தேவை இங்கு கூடிவருகிறது. குடும்பம் லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) இருக்க, பெண்கள் ஆடைத் தொழிற்சாலைக்கும் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் போகிறார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் வெளிநாட்டு வீட்டுவேலைக்குப் போகலாகாது என்று 2013இல் வந்த கட்டுப்பாடு, பொருளாதார நெருக்கடியின்போது 2022இல் இரண்டு வயதாகத் தளர்த்தப்பட்டது. இப்படி வெளிவேலைக்குப் போன தாயின் பெயர் தோட்டத்துச் செக்ரோலில் (தொழிலாளர் பதிவேட்டில்) இல்லை. அவள் பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் சேர்ப்பது பெரும்பாலும் தோட்டத் துரையின் (மேலாளரின்) மனதைப் பொறுத்தே நடக்கிறது.