தோட்டம் என்ற சொல்லும் கொழும்பு நகரின் நிலப்பங்கீடும்

ஈழத்துத் தமிழ் வழக்கிலே ‘தோட்டம்’ என்ற சொல் இடத்துக்கு இடம் பொருள் வேறுபடுவதை நாம் அறிவோம். யாழ்ப்பாணத்து விவசாயிக்கு அது வெங்காயமும் புகையிலையும் விளையும் சிறு நிலம். மலையகத் தொழிலாளிக்கு அது தேயிலைப் பெருந்தோட்டம். கொழும்பிலோ அச்சொல் முற்றிலும் முரண்பட்ட இரு பொருள்களைத் தாங்கி நிற்கின்றது. நகரின் செல்வந்தர் வாழும் பகுதி கறுவாத்தோட்டம். வறியோர் வாழும் ஒற்றையறை வரிசைகளும் ‘தோட்டம்’ அல்லது ‘வத்தை’ எனவே வழங்குகின்றன. இஃது வெறும் சொல் விநோதமன்று. இவ்விரு நகரத் தோட்டங்களையும் மலைநாட்டுத் தோட்டமே உருவாக்கியது என்பது நமது கருத்தாகும்.

கறுவாத்தோட்டம் உண்மையிலேயே கறுவா பயிரிடப்பட்ட நிலமாகும். காட்டிலே உரிக்கப்பட்டு வந்த கறுவாவை ஒல்லாந்தர் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே மருதானை முதலிய இடங்களில் பயிராக்கினர். 1796 இல் கொழும்பைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் 1833 அளவில் கறுவாத் தனியுரிமையைக் கைவிட்டனர். கோப்பி கறுவாவின் இடத்தைப் பிடித்தது. பயனிழந்த கறுவா நிலம் இவ்வாறு வீட்டு நிலமாகும் தகுதியைப் பெற்றது.

கோப்பி கொழும்பை ஏற்றுமதி வாயிலாக்கியது. 1867 இல் கண்டியுடன் புகையிரதத் தொடர்பு ஏற்பட்டது. 1875 இல் அடிக்கல் நாட்டப்பெற்ற தென்மேற்கு அலைதடுப்பணை 1885 இல் நிறைவெய்தியது. அதுவரை காலித் துறையை நாடிய நீராவிக் கப்பல்கள் கொழும்புக்குத் திரும்பின. கோட்டையின் மதில்கள் 1870 ஐ ஒட்டிய ஆண்டுகளில் இடிக்கப்பட்டன. படைக்கோட்டை வங்கிகளதும் ஏற்றுமதிக் கம்பனிகளதும் கோட்டையாயிற்று. கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலை அதே பாதையால், அதே துறைக்கு வந்தது. 1871 இல் ஏறத்தாழ 98,000 ஆக இருந்த நகரின் சனத்தொகை 1921 இல் ஏறத்தாழ 2,44,000 ஆகியது.

துறைமுகம் வளர்ந்தபோது வடகொழும்பு மாறியது. அதற்கு முன்னர் முகத்துவாரமும் கொட்டாஞ்சேனையுமே வசதிபடைத்தோரின் வாழிடங்கள். கடற்காற்று வீசிய அவ்விடங்களில் பண்டகசாலைகளும் நிலக்கரிப் புழுதியும் வண்டிகளின் நெரிசலும் வந்து சேர, அவர்கள் தெற்கே கறுவாத்தோட்டத்துக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் பெயர்ந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற வளவுகளிலே, நம் ஊர்மொழியிற் கூறின் கோடிப்புறத்திலே, ஒற்றையறை வரிசைகள் எழுந்தன. துறைமுகத் தொழிலாளியும், வண்டிக்காரனும், கோப்பி தெரியும் பெண்ணும் அவற்றிற் குடிபுகுந்தனர். வளவுக்குரிய ‘தோட்டம்’ என்ற பெயர் வரிசைகளுக்கும் நிலைத்தது. வெளியேறியவர் நில உடைமையை விட்டு வெளியேறவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. வடக்கின் வாடகை தெற்கின் மாளிகைகளைப் பேணியது.

ஆட்சியாளர் இந்நிலையை நோயின் வடிவிலேயே கண்டனர். 1914 இல் கொழும்பிலே கொள்ளைநோய் பரவியது. 1915 இல் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச்சட்டம் பிறந்தது. 1921 இல் பற்றிக் கெடிஸ் கொழும்புக்கான திட்ட அறிக்கையை வழங்கினார். நகரைப் பூங்காக்களின் நகரமாகக் கண்ட அவர் மனிதாபிமானி, அதில் ஐயமில்லை. ஆயினும் பூங்கா நகரம் என்ற கனவு கறுவாத்தோட்டத்திலே மரநிழற் சாலைகளாக நிறைவேறியது போல் வடக்கிலே நிறைவேறவில்லை. அங்கு நிலத்தின் விலையைத் தீர்மானித்தது துறைமுகத்தின் அண்மையேயன்றித் திட்டவரைஞரின் கோடன்று.

அதே அண்மை மற்றொன்றையும் விளைத்தது. வேலைத்தலத்துக்கு நடந்து செல்லும் தூரத்திலே, ஒரே குழாயடியிலே, சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் மலையாளிகளும் நெருங்கி வாழ்ந்தனர். 1906 இன் வண்டிக்காரர் வேலைநிறுத்தத்தையும், 1912 இன் புகையிரதத் தொழிலாளர் போராட்டத்தையும், 1923 இன் பொது வேலைநிறுத்தத்தையும் இப்புவியியலிலிருந்து பிரித்து நோக்குதல் இயலாது. 1930களிலே மலையாளிகளுக்கு எதிரான பகைமையும் இதே தெருக்களில் விதைக்கப்பட்டது என்பதையும் கூறவே வேண்டும். நெருக்கம் தானாகவே ஒற்றுமையாகிவிடுவதில்லை.

இடதுசாரிகள் ஆட்சியிற் பங்கேற்ற காலத்தில், வீடமைப்பு அமைச்சராகவிருந்த பீற்றர் கெனமன் 1973 இல் வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டத்தைக் கொணர்ந்தார். உச்சவரம்புக்கு மேற்பட்ட வீடுகள் அரசிடம் சேர்ந்தன. குடியிருந்தோர் அவற்றை வாங்கும் உரிமை பெற்றனர். வாடகைச் சொந்தக்காரரின் பிடி இச்சட்டத்தால் தளர்ந்தது. ஆனால் வீட்டின் உடைமையைத் தொட்ட நாம் நகர நிலம் எதற்குப் பயன்படவேண்டும் என்ற வினாவைத் தொடவில்லை. அவ்வினாவை 1978 இல் அமைக்கப்பட்ட நகர அபிவிருத்தி அதிகாரசபை, திறந்த பொருளாதாரத்தின் தேவைக்கேற்பத் தன் கையில் எடுத்துக்கொண்டது. முதலாளித்துவம் வீட்டுப் பிரச்சினையைத் தீர்ப்பதில்லை, வேறோரிடத்துக்குத் தள்ளிவிடுகிறது என 1872 இல் எங்கெல்ஸ் எழுதியது இங்கு நினைவுகூரத்தக்கது.

2010 இல் அவ்வதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. போர் முடிந்து ஓராண்டே கழிந்திருந்தது. ஒல்லாந்தக் கம்பனியின் அடிமைகள் அடைக்கப்பட்டிருந்த கொம்பனித்தெருவிலே அவ்வாண்டிலேயே வீடுகள் இடிக்கப்பட்டன. பின்னர் பல தோட்டங்களின் மக்கள் வடகொழும்பின் அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டனர். பரம்பரையாய் வாழ்ந்தோரும் ‘அத்துமீறிக் குடியிருப்போர்’ என்ற ஒரே பெயருள் அடக்கப்பட்டனர். அவர்கள் விட்டகன்ற நிலத்திலே வணிகக் கோபுரங்கள் எழுந்தன. மக்கள் சென்று சேர்ந்த மாடிகளுள் ஒன்று முகத்துவாரத்தில் உள்ள ‘முவதொர உயன’. வனாத்தமுல்லையில் உள்ளது ‘மெத்சர உயன’. ‘உயன’ என்ற சிங்களச் சொல்லுக்குப் பொருள் பூந்தோட்டம்.