கெலவரப்பள்ளி நுரையும் ஒன்பதாயிரம் ரூபாய் பாட்டும்

அக்கா பையன் போன மாசம் ஒரு எக்ஸல் ஷீட்டோடு வீட்டுக்கு வந்தான். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு காலேஜில் விஸ்காம் இரண்டாம் வருஷம் படிக்கிறான். ஆறு பேர் கொண்ட குழு நாலு நிமிஷத்துக்கு ஒரு மியூசிக் வீடியோ எடுத்துக் கொடுக்கணும், அதுதான் இந்த செமஸ்டர் ப்ராஜெக்ட். ஆளுக்கு ஆயிரத்து ஐநூறு போட்டு மொத்தம் 9,000 ரூபாய். ஷீட்டில் முதல் வரியே "டிரோன் வாடகை: 4,500" என்று இருந்தது. இரண்டாவது வரி கிம்பல். பாட்டை ரெக்கார்ட் பண்ண எவ்வளவு என்று தேடினேன். கடைசி வரியில், "ஆடியோ: போனிலேயே பண்ணிக்கலாம்" என்று எழுதியிருந்தான்.

"மாமா, நீங்கதான் எல்லாத்துக்கும் ப்ளான் போடுவீங்களே, இதைப் பாத்து சொல்லுங்க" என்றான். சினிமாவுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. சிப்காட் பக்கத்திலேயே வளர்ந்து, பி.இ. முடித்து, தினமும் அத்திப்பள்ளி டோல் தாண்டி பெங்களூருக்குப் போய் கோட் எழுதுகிறவன். ஆனால் எதையும் "இது முதலில் எப்படி ஆரம்பித்தது" என்று தோண்டாமல் எனக்கு ப்ளான் வராது. அப்படித் தோண்டியதில் கிடைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் தொழிலில் டீகப்ளிங் என்று ஒரு வார்த்தை உண்டு. ஒன்றோடொன்று கட்டிப்போட்ட இரண்டு வேலைகளைப் பிரித்துவிடுவது. பிரித்துவிட்டால் இரண்டையும் தனித்தனியாக, அவரவர் வசதிப்படி, குறைந்த செலவில் செய்யலாம். பாட்டுப் படத்தின் வரலாறே அந்த ஒரு பிரிவினைதான் என்பது என் கட்சி.

1931-இல் 'காளிதாஸ்' வந்தபோது பேச்சும் படமும் ஒரே நேரத்தில் பதிவாக வேண்டியிருந்தது. பாடத் தெரிந்தவர்தான் நடிக்க முடியும். வாத்தியக்காரர்கள் கேமரா கண்ணில் படாத இடத்தில், செட்டுக்குப் பின்னாலோ செடி மறைவிலோ உட்கார்ந்து வாசிப்பார்கள். நடிகர் நகர்ந்தால் மைக்கும் நகரணும். ஒரு காக்கா கத்தினால் மறுபடி முதலிலிருந்து. பிறகு 1938-இல் ஏ.வி. மெய்யப்பன் தயாரித்த 'நந்தகுமார்' படத்தில் தேவகியாக நடித்தவருக்கு லலிதா வெங்கட்ராமன் என்பவர் பின்னணி பாடினார். தமிழில் பின்னணிப் பாட்டு அங்கேதான் தொடங்கியது என்பார்கள். பாட்டு முன்கூட்டியே பதிவாகிவிட்டது. படப்பிடிப்பில் அதை ஒலிக்கவிட்டு வாயை அசைத்தால் போதும். நடிகைக்குப் பாடத் தெரியவேண்டிய அவசியம் போனது என்று மட்டும்தான் இதை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இன்னொன்று முக்கியமாகப் படுகிறது. கேமராவுக்குக் காது தேவையில்லாமல் போனது. காது இல்லாத கேமராவை ஆற்றங்கரை, மலை, சந்தை என்று எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். 1975-இல் குயின் குழுவின் 'பொஹீமியன் ராப்ஸடி' பாட்டுக்கு ஒரு வீடியோ எடுத்தார்கள். அவர்கள் டூரில் இருந்ததால் டிவி நிகழ்ச்சிக்கு நேரில் போக முடியவில்லை. வீடியோவில் எடுத்து அனுப்பிவிட்டால் ஆச்சு என்று, ஒத்திகை பார்த்த இடத்திலேயே சுமார் நாலு மணி நேரத்தில் முடித்தார்கள். எம்டிவி வந்தது அதற்கப்புறம் ஆறு வருஷம் கழித்துத்தான்.

நம்ம ஊருக்கு வருவோம். ஓசூரிலிருந்து கிளம்பி இந்தியா முழுக்கப் போன ஒரு ட்யூன் உண்டு, தெரியுமா? டைட்டன் விளம்பர இசை. டாடாவும் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய அந்தக் கடிகார ஃபேக்டரி 1980களின் பிற்பாதியில் இங்கேதான் ஓடத் தொடங்கியது. விளம்பரத்துக்கு மோட்ஸார்ட்டின் 25-ஆவது சிம்பனியைத் தேர்ந்தெடுத்தவர் ஓகில்வி நிறுவனத்தின் சுரேஷ் மல்லிக். 1773-இல் மோட்ஸார்ட் அதை எழுதும்போது வயது 17. அக்கா பையனைவிட இரண்டு வயசு சின்னவன்! இதைச் சொன்னபோது பையன் உடனே, "அப்ப அதையே போட்டுக்கலாமே மாமா, காப்பிரைட் இருக்காதுல்ல" என்றான். அங்கே ஒரு பொறி இருக்கிறது. நம் சட்டப்படி இசையமைத்தவர் இறந்து 60 வருஷம் வரை அவருடைய உரிமை, அது மோட்ஸார்ட்டுக்கு என்றோ முடிந்துவிட்டது. ஆனால் ஒரு ஆர்க்கெஸ்ட்ரா அதை வாசித்துப் பதிவு செய்தால், அந்தப் பதிவுக்குத் தனியாக வெளியான காலத்திலிருந்து 60 வருஷம். யூட்யூபிலிருந்து இறக்கிப் போட்டால் மாட்டிக்கொள்வோம். அவர்களே கீபோர்டில் வாசித்தால் சிக்கல் இல்லை. சினிமா மெட்டுக்கு இந்த வழியும் கிடையாது, மெட்டுக்கே உரிமையாளர் இருப்பார்.

அந்த சுரேஷ் மல்லிக்தான் 'மிலே சுர் மேரா துமாரா'வையும் உருவாக்கியவர். 1988 ஆகஸ்ட் 15, செங்கோட்டையில் பிரதமர் பேசி முடித்ததும் தூர்தர்ஷனில் வந்தது. என் வயசுக்காரர்களுக்கு அது பாட்டு என்பதைவிட ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லலாம். பாலமுரளிகிருஷ்ணா கடற்கரையில் தமிழ் வரிகளைப் பாடுவார், கமல்ஹாசன் வந்து போவார். யோசித்துப் பார்த்தால் அதுவும் டீகப்ளிங்கின் உச்சம்தான். பைரவி ராகத்தில் பாட்டைக் கட்டிவிட்டு, நாட்டின் மூலை மூலையில் ஊமைப் படமாக எடுத்து ஒட்டியது. முதலில் பீம்சேன் ஜோஷி பாடும்போது ஒரு அருவி வருமே, அது கொடைக்கானலின் பாம்பார் அருவி.

இதைப் படித்த அன்றைக்கு ராத்திரி ரொம்ப நேரம் மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் பாம்பார் சோலைக்கு மேலே உள்ள மேட்டில்தான் அந்தத் தெர்மாமீட்டர் ஃபேக்டரி இருந்தது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து பெயர்த்து எடுத்துவந்து வைத்தது. முதலில் பாண்ட்ஸ், பிறகு இந்துஸ்தான் லீவர். 2001-இல் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்தது வெளியே தெரிந்து, ஃபேக்டரியை மூடினார்கள். அந்த மேட்டிலிருந்து தண்ணீர் இறங்குவது பாம்பார் சோலைக்குள். 'மிலே சுர்' அருவி டிவியில் கொட்டிக்கொண்டிருந்த அதே வருஷங்களில் மேலே ஃபேக்டரி ஓடிக்கொண்டிருந்தது. மல்லிக்கையோ மற்றவர்களையோ குறை சொல்ல இதை எழுதவில்லை, அன்றைக்கு யாருக்குத் தெரியும்? ஆனால் காது இல்லாத கேமரா எவ்வளவு அழகாக ஒரு இடத்தைக் காட்டும், எவ்வளவு சுலபமாக ஒன்றும் சொல்லாமல் இருக்கும் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை.

அதே கொடைக்கானலுக்கு 2015 ஜூலை கடைசியில் இன்னொரு பாட்டு வந்தது. சென்னையைச் சேர்ந்த ராப் பாடகி சோபியா அஷ்ரப் பாடிய 'கொடைக்கானல் வோன்ட்'. இயக்கியவர் ரதீந்திரன் ஆர். பிரசாத். நிக்கி மினாஜின் 'அனகோண்டா' மெட்டின் மேல் எழுதிய வரிகள். செட் கிடையாது, நட்சத்திரம் கிடையாது. பாதரசம், தொழிலாளர்கள், நஷ்டஈடு என்று வரிக்கு வரி விஷயம் மட்டும்தான். நிக்கி மினாஜே அதை ட்விட்டரில் பகிர்ந்தார். 2016 மார்ச்சில் அந்த நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. ஒரு பாட்டால் மட்டும் நடந்தது என்று சொன்னால் பதினைந்து வருஷம் கோர்ட்டுக்கும் ரோட்டுக்கும் அலைந்தவர்களுக்குச் செய்கிற அநியாயம். அந்தக் கடைசி எட்டு மாதத்தில் உலகம் திரும்பிப் பார்த்ததில் பாட்டுக்குப் பங்கு உண்டு, அவ்வளவுதான்.

இரண்டு வருஷத்துக்குள், 2017 ஜனவரியில், அதே ரதீந்திரன் 'சென்னை புறம்போக்குப் பாடல்' எடுத்தார். டி.எம். கிருஷ்ணா பாடியது, கபேர் வாசுகி வரிகள், ஆர்.கே. ஸ்ரீராம்குமார் மெட்டு. எண்ணூர் கழிமுகத்தில், அனல் மின் நிலையச் சாம்பலுக்கு நடுவே நின்று கர்நாடக ராகமாலிகை. எனக்கு அதில் பிடித்தது என்னவென்றால் பாடகர் பெரும்பாலும் சும்மா நிற்கிறார். ஆட்டம் ஓட்டம் எதுவும் இல்லை. அவருக்குப் பின்னால் இருக்கிற இடம்தான் பேசுகிறது.

இதையெல்லாம் பையனிடம் சொன்னதும்தான், "நாங்க கெலவரப்பள்ளி டேம் பத்தித்தான் மாமா எழுதியிருக்கோம்" என்று மெதுவாகச் சொன்னான். முதலிலேயே சொல்லியிருக்கலாம். தென்பெண்ணை நந்தி மலையில் பிறந்து, பெங்களூரு வர்த்தூர் ஏரிப் பக்கத்துக் கழிவுகளைச் சேர்த்துக்கொண்டு, கொடியாளம் பக்கம் தமிழ்நாட்டுக்குள் வந்து இந்த அணையில் நிற்கிறது. மழை பெய்து தண்ணீர் திறந்துவிடும்போது ஆள் உயரத்துக்கு வெள்ளை நுரை. ஒவ்வொரு வருஷமும் பேப்பரில் போட்டோ வருகிறது. வரிகளை வாங்கிப் படித்தேன். தமிழ், நடுவில் கன்னடம், ரெண்டு வரி தெலுங்கு. நம்ம ஊர்ப் பையன்கள் டீக்கடையில் பேசுகிற மாதிரியே. நன்றாக இருந்தது.

பிறகு ப்ளானைத் திருப்பிப் போட்டோம். பாட்டு ரெக்கார்டிங்கும் மிக்ஸிங்கும்: 4,000. இரண்டு நாள் சாப்பாடு, டீ: 2,200 (இதை யாரும் ஷீட்டில் போடுவதே இல்லை, பசித்தால் ஆறு பேரும் எட்டு மணிக்கே சண்டை போடுவார்கள்). பெட்ரோல் 600. மைக், ட்ரைபாட் வாடகை 1,000. மீதி 1,200-ஐத் தொடக்கூடாது, மறுபடி எடுக்க வேண்டி வரும். டிரோன் போயே போச்சு. அணைக்கட்டு மேலே அனுமதி இல்லாமல் பறக்கவிடுவது வீண் வம்பு, பேலகொண்டபள்ளியில் விமான ஓடுதளம் வேறு இருக்கிறது. பொதுச் சாலையிலிருந்தும் பாலத்திலிருந்தும் தெரிவது போதும்.

எடுக்கும் முன்பே பாட்டு மிக்ஸ் ஆகியிருக்கணும் என்பது முதல் விதி. போன் கேமராவில் ஃப்ரேம் ரேட் நிலையாக இருக்காது. நாலு நிமிஷப் பாட்டில் கடைசிச் சரணம் வரும்போது வாய் ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கம் போய்விடும். அதனால் ஆப்பில் 25-இல் பூட்டி வைத்து, ஒவ்வொரு டேக்கிலும் முதலில் ஒரு கைதட்டு. டியூப்லைட் வெளிச்சத்தில் ஷட்டர் ஐம்பதில் ஒன்று, இல்லாவிட்டால் படம் சிமிட்டும். ஸ்லோமோஷனில் வாய் பொருந்தணும் என்றால் 50-இல் எடுத்து, பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிப் பாடணும். இதைச் செய்து பார்த்து எங்கள் மொட்டைமாடியில் ஒரு மணி நேரம் சிரித்தோம்.

சிக்கல் டெஸ்ட் ஷூட்டில் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் போய் நுரையை எடுத்து வந்தார்கள். டிவியில் போட்டுப் பார்த்தோம். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "எந்த ஊருடா இது, காஷ்மீரா?" என்றாள். அவ்வளவு அழகு. காலை வெயிலில் பனி மாதிரி மின்னுகிறது, ஒரு ஜோடி ஓடிவந்தால் டூயட். பையன்கள் முகம் விழுந்துவிட்டது. மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றதும், கண் எரிந்ததும் எதுவும் படத்தில் இல்லை. ஒருத்தன் நுரையைக் கையில் அள்ளி ஊதுகிற ஷாட் எடுக்கலாம் என்றான். கிட்டேயே போகக்கூடாது என்று கண்டித்துவிட்டேன்.

பாம்பார் அருவி ஞாபகம் வந்தது. படத்தையும் சத்தத்தையும் பிரித்ததால்தானே இவ்வளவு மலிவாக எடுக்க முடிகிறது. அதே பிரிவினைதான் இடத்தையும் ஊமையாக்குகிறது. அப்படியானால் கொஞ்ச நேரம் மறுபடி ஒட்டவைத்தால் என்ன? பாட்டு தொடங்கும் முன் இருபது விநாடி, வெட்டாமல், அங்கேயே பதிவான சத்தத்தோடு: பாலத்தில் போகிற பைக், ஓட்டுபவர் துண்டை மூக்கில் இழுத்துக்கொள்வது, தண்ணீர் விழும் இரைச்சல், யாரோ இருமுவது. அதற்கப்புறம் நுரையை எவ்வளவு அழகாகக் காட்டினாலும் பரவாயில்லை. அந்த 1,000 ரூபாய் மைக் வாடகை இதற்காகத்தான்.

பெயர்ப் பட்டியலை ஷூட்டிங்குக்கு முன்பே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். 'என்ஜாய் எஞ்சாமி' வந்து ஐந்து மாதத்தில், 2021 ஆகஸ்டில், ஒரு பத்திரிகை அட்டையில் அறிவு இல்லாமல் போய் எவ்வளவு பெரிய சர்ச்சையானது என்று பார்த்தோமே. ஐந்து பேர் போட்டுவிட்டார்கள். வரிகளை எழுதிய பையன் மட்டும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். அவன் அப்பா சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை, பதினோரு வருஷமாக. "பாட்டுல எந்தக் கம்பெனி பேரும் இல்லையேடா" என்றான் அக்கா பையன். "பேரு இல்லதான். ஆனா எங்கப்பாவுக்கு ஜனவரில ரென்யூவல்" என்றான் அவன்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன தகுதி, எனக்கு பெர்மனென்ட் வேலை. பட்டியலில் 'பாடல் வரிகள்' என்பதற்கு எதிரே இப்போதைக்குக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். ஜனவரி தாண்டியதும் கேட்டுக்கொள்ளலாம் என்று முடிவு. சனிக்கிழமை ரெக்கார்டிங், அடுத்த மழைக்குக் காத்திருக்கிறார்கள்.